மூன்று பாட்டும் ஒரு பொருளும்

சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்குச் சென்ற திங்கள் போயிருந்தோம். முகூர்த்தத்திற்கு இன்னும் நேரம் இருந்தது. பந்தலின் ஓரத்தில் இளைஞர் ஐவர் வட்டமாக அமர்ந்திருந்தனர். ஐவர் காதிலும் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஆயினும் ஒருவர் கேட்ட பாட்டு மற்றவருக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் இருந்ததாகத் தோன்றவில்லை. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வீடு திரும்பும் வழியில் நாமும் அவ்வாறே காதை அடைத்துக்கொண்டுதான் வந்தோம்.

பாட்டுக்குப் பஞ்சமில்லாத காலம் இது. நம் பாட்டனார் காலத்து இசைத்தட்டில் பதிந்த குரலும் விரல் பட்ட அளவில் வந்து ஒலிக்கிறது. உடனிருந்து கேட்பவருக்குத்தான் பஞ்சம். "இந்தப் பாட்டைக் கேளுங்கள், இது எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்கிறேன்" என ஒருவர் மற்றொருவரை அழைக்கும் பழக்கம் நம்மிடையே தேய்ந்து வருகிறது. அப்பழக்கத்தை நாமும் நண்பர் ஒருவரும் மீண்டும் கைக்கொண்ட வரலாற்றையும், அதில் நாம் செய்த ஒரு பிழையையும், அப்பிழையால் விளைந்த நன்மையையும் இத்திங்கள் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் மர்பி டவுன், வானொலிப் பெட்டியின் பெயரால் அமைந்த ஊர் என்று இளமையில் நாம் உறுதியாக நம்பியிருந்தோம். குழந்தைப் படத்தோடு விற்பனைக்கு வந்த 'மர்பி' வானொலிப் பெட்டிக்கு அந்நாளில் அவ்வளவு புகழ். நாக்ஸ்பேட்டை என முன்னர் வழங்கிய இவ்விடத்திற்கு மர்பி என்னும் பொறியாளரின் பெயர் வந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தோம். ஆனாலும் நம் சிறுவயது நம்பிக்கையில் ஓரளவு பொருள் இருந்தது எனலாம். தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த அக்காலத்தில், பெட்டி இருந்த வீட்டு வாசலே மாலை வேளைகளில் ஊராக இருந்தது.

அவ்வாசலில் பெரும்பாலும் கேட்டது இலங்கை வானொலி. அதற்குக் காரணம் உண்டு. அந்நாளைய மத்திய ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாதவர். 1952-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்துபோயின. நாடெங்கும் இருந்த நேயர்கள் கடல் கடந்து வந்த இலங்கை ஒலியைத் தேடிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்ற பின்னரும் இலங்கை வானொலியின் மீது தமிழர் கொண்ட பற்றுக் குறையவில்லை. அஞ்சலட்டையில் விருப்பப் பாடலை எழுதி அனுப்பிவிட்டு, தம் பெயர் வாசிக்கப்படும் நாளுக்காகக் காத்திருந்தவர் நம் தெருவிலும் இருந்தனர்.

பிற்காலத்தில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை அறியாத தமிழ் வீடு அரிது. ஓர் எழுத்தைத் தந்து, அதில் தொடங்கும் பாட்டைப் பாடச் சொல்வார்கள். மின்சாரம் நின்றுபோன இரவுகளில் நாமும் வாசற்படியில் அமர்ந்து அதே விளையாட்டை ஆடியிருக்கிறோம். பெரியவர்களும் குழந்தைகளும் கட்சி பிரிந்து நிற்பார்கள். வெற்றி பெற்றவர் எவர் என்பது இன்று நினைவில் இல்லை. எந்த வீட்டு அம்மையாருக்கு எந்தப் பாட்டுத் தெரியும் என்பது இன்றும் நினைவிலிருக்கிறது.

நாம் மேலே குறித்த நண்பர் அந்த வாசற்படித் தோழர்களில் ஒருவர். நம்மினும் ஆறாண்டு மூத்தவர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தின் முன்னே முப்பத்தைந்து ஆண்டுகள் நின்று உழைத்தவர். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளுக்குப் பின், மகனுடைய வீட்டில் இருப்பதற்காகக் கிருஷ்ணராஜபுரம் சென்றுவிட்டார். தொலைவு பத்துக் கிலோமீட்டர் அளவே. ஆயினும் பழைய மதராஸ் சாலையின் நெரிசலை அறிந்தவர்கள், அவர் வேறு மாநிலத்திற்கே சென்றுவிட்டார் என்று நாம் சொன்னாலும் மறுக்கமாட்டார்கள். வாரம் ஒருமுறை சந்திப்பது திங்களுக்கு ஒருமுறையாகி, பின்னர்த் திருவிழாவுக்குத் திருவிழா என்று சுருங்கியது. தொலைபேசியில் பேசினால் உடல்நலம் விசாரித்த பிறகு பேச்சு நின்றுவிடும். முதுமையில் பேசுவதற்கு மருந்தைத் தவிர வேறு பொருள் இல்லாமற்போவது பெரிய வறுமை. அதைப் போக்கவே, ஒரு பொருளைக் குறித்துக்கொண்டு அப்பொருள்மேல் அமைந்த, நமக்குப் பிடித்த பாட்டுகளை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

முதற் பொருள் 'மழை'. நாம் பதினொரு பாட்டு அனுப்பினோம். அவர் பத்தொன்பது அனுப்பினார். ஒருவர் அனுப்பியதை மற்றவர் முழுவதும் கேட்கவில்லை என்பது இரண்டு நாளில் வெளிப்பட்டது. "ஐயா, இப்படி மூட்டை மூட்டையாக அனுப்பினால் நமக்கும் ரேஷன் கடைக்கும் என்ன வேறுபாடு?" என்று நண்பர் கேட்டார். அன்றே விதி வகுத்தோம். பாட்டு மூன்றுக்குமேல் கூடாது. ஒவ்வொன்றும் ஏன் பிடித்தது என்று இரண்டு வாக்கியம் எழுதவேண்டும். மற்றவர் அனுப்பியதை முழுவதும் கேட்ட பின்னரே மறுமொழி சொல்லவேண்டும்.

அடுத்த திங்களுக்குப் பொருளையும் சுருக்கினோம். 'உழைப்பு' என்று அகலமாக வைக்காமல் 'கை' என்று வைத்தோம். நண்பர் அனுப்பிய மூன்றில் ஒன்று, 1959-ஆம் ஆண்டில் 29 வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது. அதன் கீழே அவர் எழுதியிருந்த இரண்டு வாக்கியங்கள் இவை: 'இரவு முறை வேலையில் இயந்திரத்தின் சத்தத்தோடு சேர்த்து இதை முணுமுணுப்பேன். மேற்பார்வையாளர் வரும்போது மட்டும் நிறுத்துவேன்.' ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் வேலைத்தலத்தில் பாடுவார் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. பொருள் சிறியதாக இருந்தமையால் அந்தச் செய்தி வெளியே வந்தது.

பொருள் சிறுகச் சிறுகப் பாட்டு ஆழமாகும் என்ற இவ்வுண்மையை நம் முன்னோர் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருந்தனர். எட்டுத்தொகையுள் ஒன்றாகிய ஐங்குறுநூற்றை எடுத்துப் பாருங்கள். ஓரம்போகியார், அம்மூவனார், கபிலர், ஓதலாந்தையார், பேயனார் ஆகிய ஐவர் திணைக்கு ஒரு நூறாகப் பாடிய ஐந்நூறு குறும்பாடல்கள் அவை. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து, ஒவ்வொரு பத்தும் ஒரு பெயர் பெறுகிறது. அப்பெயர்களின் எளிமை வியப்பளிப்பது. நண்டைக் கொண்டு பாடியது களவன் பத்து. எருமைக்கு ஒரு பத்து, குரங்குக்கு ஒரு பத்து, கிளிக்கு ஒரு பத்து, கடற்கரைச் சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்து. வெள்ளாங்குருகுப் பத்தில் பாடல்கள் ஒரே அடியில் தொடங்குகின்றன. தொடக்கம் ஒன்றாக இருக்க, உள்ளே நெஞ்சம் வேறு வேறாக இருக்கிறது. காதல், பிரிவு, ஊடல் என்ற பெரும்பொருள்களை நேரே கையாளாமல், ஒரு பறவையையோ ஒரு நண்டையோ நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பாடினார்கள்.

ஊரைவிட்டு வந்த குடும்பத்தவராகிய நமக்கு அந்நூலில் மற்றொரு உறவும் உண்டு. ஓதலாந்தையாரின் பாலை நூறு, பிரிந்து செல்லுதலையே பேசுகிறது. செலவுப் பத்து, இடைச்சுரப் பத்து, தாய் இரங்கு பத்து என்று தொடர்ந்து, மீண்டு வருதலைப் பாடும் மறுதரவுப் பத்தில் அது முடிகிறது. வேலூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் தண்டுப் பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் பாட்டன்மார் இந்தப் பத்துகளைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவற்றின் பொருளை வாழ்ந்தவர்கள்.

இந்நூலை உ. வே. சாமிநாதையர் 1903-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். ஐந்நூற்றில் 129, 130 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பில் எண் இருக்கிறது, பாட்டு இல்லை. இதை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். இதனிடம் மீண்டும் வருவோம்.

நண்பர் கூடிப் பாட்டைச் சுவைப்பதற்கு அண்மைக் காலத்தில் இலக்கணமாக விளங்கியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். 1920-களில் திருநெல்வேலியில் அவருடைய இல்லத்து முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' புகழ் பெற்றது. கம்பன் பாட்டொன்றை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் உள்ளத்தில் அது பாட்டாகவே ஒலிக்கும் வரையில் விடமாட்டார் என்று உடனிருந்தோர் எழுதியிருக்கின்றனர். பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் நண்பர்கள் அவரைத் தேடிச் சென்றனர். தொலைவில் இருந்தவர்களைக் கடிதங்கள் தேடிச் சென்றன. 1954-இல் அவர் மறைந்தபின் அக்கடிதங்கள் நூலாகவும் வந்தன. நூறு பாட்டை ஓட்டிச் செல்வதினும் ஒரு பாட்டில் நின்று நிலைப்பது நட்புக்கு நல்லது என்ற பாடத்தை அவரிடம் கற்கலாம். நம் மூன்று பாட்டு விதி அம்முற்றத்திலிருந்து கடன் பெற்றது என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமையே.

இனி, நாம் செய்த பிழைக்கு வருகிறோம்.

பொருளைத் தேர்வது ஒரு திங்கள் அவர், ஒரு திங்கள் நாம் என்று மாறி மாறி நடந்தது. நம் முறை வந்த ஒரு திங்களில், ஆழ எண்ணாமல் 'தாலாட்டு' என்று எழுதிவிட்டோம். திரைப்படத் தாலாட்டு மூன்றை அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தோம். ஒரு வாரம் சென்றது. இரண்டாம் வாரமும் சென்றது. தொலைபேசியை அவர் எடுக்கவில்லை. நண்பரின் துணைவியாரை நாம் அண்ணியார் என்றே அழைப்போம். அவர் காலமாகி அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை என்பதும், நான்கு பிள்ளைகளையும் பின்னர்ப் பேரப்பிள்ளைகளையும் அவர் தாலாட்டிய குரல் நான்கு வீடு தள்ளியிருந்த நமக்கே கேட்கும் என்பதும் பதினேழாம் நாள் இரவில்தான் நம் நினைவுக்கு வந்தன. நினைவுக்கு வந்தபின் உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை பேருந்து ஏறிக் கிருஷ்ணராஜபுரம் சென்றோம். நண்பர் மாடிப்படி ஓரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார்.

"அண்ணே, பொருள் தேர்ந்தது நம் தவறு. வேறு வைத்துக்கொள்வோம்" என்றோம்.

"தவறு என்ன இருக்கிறது? எனக்கும் பாட்டு இருக்கிறது. கைப்பேசியில்தான் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேரனை அழைத்தார். "தம்பி, தாத்தாவுக்கு அந்தத் தாளை எடுத்து வந்து காட்டு."

பையன் கொண்டுவந்தது பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் அண்ணியார் பாடிய தாலாட்டு எழுதப்பட்டிருந்தது. பாட்டனார் நினைவுகூர்ந்து சொல்லச் சொல்லப் பேரன் எழுதியிருக்கிறான். இந்தப் பணியிலேயே பதினேழு நாட்களும் கழிந்திருக்கின்றன. பாட்டு முழுவதும் தமிழ்; எழுத்து முழுவதும் கன்னடம். பையன் பள்ளியில் கற்பவை கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் அவனுக்கு வாய்மொழி, கைமொழி அன்று.

நாம் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவராதலின் கன்னட எழுத்தைப் படிக்க இயலும். வாய்விட்டுப் படித்தோம். இன்று வழங்கும் கன்னட நெடுங்கணக்கில் ழகரமும் றகரமும் இல்லை. ஆகவே 'பழம்' என்பது 'பளம்' என்றும், 'இறங்கு' என்பது 'இரங்கு' என்றும் ஆகியிருந்தன. மரத்திலிருந்து இறங்க வேண்டிய கிளி, தாளில் இரங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தோம், பிறகு சிரிக்க முடியவில்லை. ஆயினும் அந்த எழுத்தால் ஒரு நன்மையும் இருந்தது. தமிழ் எழுத்தில் க என்ற ஒன்றாகவே நிற்கும் ஒலிகள் கன்னடத்தில் தனித்தனி எழுத்துப் பெறும். அண்ணியார் எவ்வெவ்விடத்தில் வன்மையாகவும் எவ்வெவ்விடத்தில் மென்மையாகவும் சொன்னாரோ, அவ்வவ்வாறே பையன் பிடித்திருந்தான். படித்துக்கொண்டு வரும்போது அவர் குரலே காதில் விழுந்தது. நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டில் அவர் பிறந்த ஊர் ஏரி வந்தது. தாய்மாமன் கொண்டுவரும் சீர் வந்தது. அவர் பெங்களூருக்கு வந்த இரயில் வண்டியும் வந்தது; அல்சூர் ஏரியிலிருந்து வீசும் குளிர்காற்றும், அதற்கு அஞ்சிப் போர்த்திய கம்பளியும் வந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டில், வந்த ஊரையும் சேர்த்துப் பின்னியிருக்கிறார். அது அச்சில் இல்லை, இசைத்தட்டில் இல்லை, எவ்வளவு தேடினும் கைப்பேசியில் வாராது.

தாளின் நடுவில் இரண்டு வரிகள் வெறுமையாக இருந்தன. "அந்த இரண்டு வரி எனக்கு வரவில்லை" என்றார் நண்பர். சற்றுப் பொறுத்து, "நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவள் பாடக் கேட்டேன். ஒருநாளும், 'அந்த வரி என்ன, சொல்' என்று நான் கேட்டதில்லை. அவள் இருக்கும்போது கேட்கவேண்டும் என்று தோன்றவில்லையே" என்றார்.

ஐங்குறுநூற்றின் 129-ஆம் எண்ணும் 130-ஆம் எண்ணும் அப்போது நம் கண்முன் வந்து நின்றன. பெரும்புலவர் பாடி, அரசர் தொகுப்பித்து, அறிஞர் பதிப்பித்த நூலிலேயே இரண்டு பாடல் போய்விட்டன. எழுத்தே அறியாத ஓர் அன்னை பாடிய பாட்டில் இரண்டு வரி போவதற்கு எத்தனை நாள் வேண்டும்?

ஆனால் நேயர்களே, அந்த வெறுமை முழுவதும் அப்படியே நிற்கவில்லை. அண்ணியாரின் தங்கையார் குடியாத்தத்தில் இருக்கிறார் என்பது பேரனுக்கு நினைவு வந்தது. அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்தான். அம்மையார் முதலில் அழுதார். பிறகு பாடிப் பார்த்தார். தடையின்றிப் பாடிக்கொண்டு வந்தவர், வெறுமையான இடத்தின் முதல் வரியைத் தம்மையறியாமலே பாடிக் கடந்து, அடுத்த வரியில் நின்றுவிட்டார். அவ்வளவுதான் கிடைத்தது. பையன் எழுதிக்கொண்டான். மற்றொரு வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அன்று மாலை புறப்படும்போது பேரன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான்: "தாத்தா, 'இறங்கு' என்பதற்குச் சரியான எழுத்து எப்படி இருக்கும்?" அவன் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினோம். 'ற' என்ற அவ்வெழுத்தை அவன் ஆறேழு முறை எழுதிப் பார்த்தான். தமிழ் படி என்று அவனுக்கு எவரும் அறிவுரை கூறவில்லை. பாட்டியின் பாட்டைப் பிழையின்றி எழுதவேண்டும் என்ற விருப்பமே அவனை அந்த எழுத்துக்கு அழைத்து வந்தது. இன்று அத்தாலாட்டின் தமிழ்ப் படி ஒன்றும் அவனிடம் இருக்கிறது. தாலாட்டை முடித்துக்கொண்டு நானும் நண்பரும் என்றிருந்த இப்பரிமாற்றத்தில் பேரனும் மூன்றாமவனாகச் சேர்ந்திருக்கிறான். அவன் அனுப்பும் பாட்டுகளில் சில நம் செவிக்குக் கடினமாக இருக்கின்றன. எனினும் விதி விதியே, முழுவதும் கேட்கிறோம்.

பிற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று கருதியே இதை இவ்வளவு விரிவாக எழுதினோம். செலவில்லாத முயற்சி, கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. ஒரு நண்பர் போதும். சிறிய பொருள் ஒன்றைத் தேருங்கள். தேரும்போது எதிரிலிருப்பவர் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் பிழை உங்களுக்கு வேண்டா. மூன்று பாட்டில் ஒன்று, உங்கள் வீட்டாரைத் தவிர வேறெவருக்கும் தெரியாத பாட்டாக இருக்கட்டும். நடவுப் பாட்டாயினும், கும்மியாயினும், பிள்ளைக்குச் சோறூட்டும்போது பாடியதாயினும் ஏற்றதே. பாடியவர் இன்னும் நம்மோடு இருப்பாராயின், இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் அவரிடம் சென்று கேளுங்கள். நமக்கு எழுதுவது பிறகு ஆகட்டும்.

அடுத்த திங்களுக்கு நாம் குறித்திருக்கும் பொருள் 'கிணறு'. நேயர்கள் தம் வீட்டுப் பாட்டையும், அது ஏன் பிடித்தது என்ற இரண்டு வாக்கியங்களையும் சங்கத்திற்கு அனுப்பலாம். தமிழில் எழுத இயலாத இளைஞர்கள் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ அனுப்பினும் தடையில்லை. தமிழில் எழுதித் திருப்பி அனுப்பும் பணியை நாம் ஏற்றுக்கொள்கிறோம். வரி ஏதேனும் மறந்திருந்தால், அவ்விடத்தை வெறுமையாக விட்டு அனுப்புங்கள். குடியாத்தத்தில் ஒருவர் இருந்ததுபோல், அவ்வரியை அறிந்தவர் இவ்விதழைப் படிப்போருள்ளும் இருக்கக்கூடும்.